குண்டெழுத்து அக்கா

ஐந்தாறு வருஷம் திருவண்ணாமலையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அவருடைய எழுத்துதான் முதலில் எதிரே வந்து நிற்கும். கல்யாண பேனர், காதுகுத்து பேனர், புதிதாகத் திறந்த ஜூஸ் கடை, டியூஷன் சென்டர், லாட்ஜ், கிரிவலப் பாதை அன்னதானப் பந்தல் எல்லாவற்றிலும் ஒரே எழுத்து. நல்ல தடிமனான எழுத்து. கூர்முனை என்று ஒன்றுகூட இருக்காது, எல்லா முனையும் உருண்டிருக்கும். மொத்தமும் வலப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். ‘ண’வின் சுழிகள் குழிப்பணியாரம் மாதிரி உப்பியிருக்கும். மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளி, அவர் நெற்றியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் போல முழு வட்டமாக இருக்கும்.

ஊர் அதற்கு வைத்த பெயர் குண்டெழுத்து. அதைப் போடுகிறவர் குண்டெழுத்து அக்கா. ஆள் காற்றடித்தால் பறந்துவிடுகிற ஒல்லி என்பது வேறு விஷயம். பே கோபுரத் தெருவில் ஒரு பிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவரைவிடப் பத்து வயசு கூடுதல். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். சொந்தப் பெயர் என்ன என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். வேங்கிக்காலில் அரசாங்க ஆபீசில் கிளார்க். வீடும் நிலமும் அடி அண்ணாமலையில். நிலம் கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. அதில் அப்பா வெட்டிய கிணறு, அறுபதடி ஆழம். அதன் கைப்பிடிச் சுவர் ஒரு மழையில் இடிந்து உள்ளேயே விழுந்துவிட்டது. பாதையிலிருந்து இருபது எட்டு வைத்தால் கிணற்றின் ஓரம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவ்வளவு ஜனம் நடக்கிற பாதை. யாராவது அதில் விழுந்து செத்துப்போனால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. அந்தப் பயத்தோடு கடைசியில் அக்காவிடம்தான் போனேன். ஏன் அவரிடம் போனேன் என்பது புரிய, அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முதன்முதலில் தங்கை மகளின் காதுகுத்துக்குப் பேனர் போடப் போயிருந்தேன். சுவரில் மாட்டியிருந்த மாதிரிகள் எல்லாமே குண்டெழுத்து. எனக்குக் கொஞ்சம் குசும்பு ஜாஸ்தி.

“இன்னா அக்கா, கடையில வேற எழுத்து ஸ்டாக் இல்லியா?” என்றேன்.

“இருக்குது சார். எல்லாம் அதட்டுது.”

“எழுத்து அதட்டுமா?”

“நேரா வெறப்பா நிக்குது பாருங்க, அது கைய கட்டிகினு வாசல்ல நிக்கற வாட்ச்மேன். இது கொஞ்சம் சாஞ்சி நிக்குதா, பக்கத்துல வந்து சாப்ட்டியானு கேக்கற மாதிரி இருக்கும்.”

எங்கள் ஆபீசில் தொங்குகிற பலகைகள் எனக்கு ஞாபகம் வந்தன. அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது. வரிசையில் நிற்கவும். அமைதி காக்கவும். இருபது வருஷமாக அவற்றுக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன். அவை அதட்டுகின்றன என்று எனக்குத் தெரியாமல் போனதற்கு, நானும் அவற்றோடு சேர்ந்து அதட்டியதுதான் காரணமாக இருக்கும்.

அந்த எழுத்து அப்படியே கம்ப்யூட்டரில் இருந்ததல்ல. இருந்த ஏதோ ஒரு எழுத்தை எடுத்து, தடிமனைக் கூட்டி, முனைகளை உருட்டி, சாய்த்து அவர் செய்துகொண்டது. தமிழ் எழுத்தை அப்படிக் குண்டாக்குவதில் ஒரு வம்பு உண்டு. கோடு தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கிற ஓட்டை அடைபட்டுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் ‘ண’ எது, ‘ன’ எது என்று தெரியாமல் மசமசவென்று இருக்கும். அக்கா ஒவ்வொரு சுழியையும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, மவுசால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓட்டையைத் திறந்துவிடுவார். ஒரு பேனருக்கு அரை மணி நேரம் அதற்கே போகும். கடை முதலாளி பின்னால் நின்று பெருமூச்சு விடுவார். முடிந்ததும் தாளில் அச்செடுத்து, எதிர்வரிசை டீக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டு, தெருக்கோடிவரை திரும்பிப் பார்க்காமல் நடந்து போவார். அங்கே போய் டக்கென்று திரும்புவார். அந்த ஒரு நொடியில் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் மறுபடி கம்ப்யூட்டர், மறுபடி சுழி.

நாம் எழுதிக்கொண்டு போகிற வாசகத்தை முதலில் வாய்விட்டுப் படிப்பார். அதில் கடுமையாக ஏதாவது இருந்தால் நம் முகத்தைப் பார்ப்பார்.

“இத ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்வீங்களா சார்?”

“சொல்ல மாட்டேன்.”

“அப்ப எழுத மட்டும் இன்னாத்துக்கு?”

ஒரு லாட்ஜ் மேனேஜரின் கதை கடைத்தெரு முழுக்கத் தெரியும். லாட்ஜின் பக்கச் சுவரில் வருகிறவன் போகிறவன் எல்லாம் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தான். மேனேஜர் சாமி படம் வரைந்து பார்த்தார், தண்டிக்கப்படுவீர் என்று எழுதிப் பார்த்தார், கெட்ட வார்த்தைகூட எழுதிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா போட்டுக் கொடுத்த போர்டில் இருந்தது இவ்வளவுதான்: “அண்ணா, பாத்ரூம் அந்தாண்ட இருக்குது. ஃப்ரீதான்.” கீழே குண்டாக ஒரு அம்புக்குறி.

“ஃப்ரீனு நான் எப்பம்மா சொன்னேன்?” என்று மேனேஜர் குதித்தார்.

“சொல்லிடுங்க சார். அப்பதான் அந்தாண்ட போவாங்க.”

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே லாட்ஜின் கீழ்த்தளக் கழிப்பறையைத் திறந்துவிட்டார். சுவர் ஒரே வாரத்தில் காய்ந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டே வந்தேன். அரசாங்க ஊழியன், கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன்.

அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. ஒருநாள் நான் கடையில் இருக்கும்போது அப்பாவை இழந்த ஒருவர் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வந்தார். அழுது வீங்கிய முகம். அக்கா போட்டுக் காட்டியதைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

“எங்கப்பா செத்துட்டாருங்க. நீங்க காதுகுத்துக்குப் போடறாப்பல போட்டு வச்சிருக்கீங்க!”

“அவரு சிரிக்கற போட்டோ குடுத்தீங்களேண்ணா. அதுக்குக் கீழ வெறப்பா எழுதினா அவரு முகம் வாடிப்பூடும்.”

அவர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு கடைக்குப் போனார். முதலாளி அக்காவைக் கண்டபடி பேசினார். எனக்கும் அந்த மகன் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. சாவு வீட்டு வாசலில் உப்பிய எழுத்து எதற்கு? அக்கா கிழிந்த துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு வேற மாதிரி வரல சார். வெறப்பா ஒண்ணு போடலாம்னு உக்காந்தாலும் கை தானா முனைய உருட்டிடுது.”

பிடிவாதம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அவருக்கு அதட்ட வராது. கடையில் யார் கத்தினாலும் சரிங்க, சரிங்க என்றுதான் சொல்வார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், டிசைனுக்காகக் காத்திருக்கிறவர்களுக்கெல்லாம் மூடியில் ஒரு கை எலுமிச்சம்பழச் சாதம் வைத்து நீட்டிவிட்டுத்தான் தான் சாப்பிடுவார்.

இனி கிணற்றுக்கு வருகிறேன்.

ஒரு சித்திரைப் பௌர்ணமி நெருங்குகிற சமயத்தில், ஆபீஸ் தாளில் நானே வாசகம் எழுதிக்கொண்டு போனேன். எச்சரிக்கை, ஆபத்தான ஆழ்கிணறு, அத்துமீறி நுழைவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். மேலே ஒரு மண்டை ஓடு வேண்டும் என்றும் சொன்னேன்.

அக்கா படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “கெணத்துல வுழுந்தவன் மேல இன்னா சார் நடவடிக்கை எடுப்பீங்க?”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்களே எப்படியாவது போடுங்க. யாரும் கிட்ட வரக் கூடாது, அவ்ளோதான்.”

நீலப் பின்னணியில் வெள்ளைக் குண்டெழுத்தில் போட்டார். மேலே பெரிதாகக் ‘கிணறு’. கீழே அதைவிடச் சின்னதாக, ‘ஆழம் ஜாஸ்திங்க, கிட்டக்க வராதீங்க’. வழக்கம்போல டீக்கடைச் சுவரில் ஒட்டி, தெருக்கோடிவரை நடந்து திரும்பிப் பார்த்தார். நானும் கூடவே நடந்து திரும்பிப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. லாட்ஜ் சுவரையே காயவைத்த எழுத்து, என் கிணற்றையும் காப்பாற்றிவிடும் என்று நம்பிக்கையோடு எடுத்துப் போனேன். இரண்டு சவுக்குக் கழி நட்டு, பாதையைப் பார்த்த மாதிரி கட்டினேன்.

பௌர்ணமி அன்று ஆபீசில் மதியத்துக்கு மேல் லீவு போட்டுவிட்டு நாலு மணிக்கு வீடு வந்தேன். வெயில் இறங்கவில்லை, அதற்குள் பாதை நிறைந்து ஜனம் நடந்துகொண்டிருந்தது. நிலத்துப் பக்கம் பார்த்தவனுக்குக் கை கால் ஓடவில்லை. என் கிணற்றைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள். கையில் காலி பாட்டில். ஒருத்தர் சொம்பு வைத்திருக்கிறார். பின்னால் இன்னும் நாலு பேர் பாதையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறார்கள்.

அது எப்படி நடந்தது என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. பாதை நெடுக எத்தனை பந்தல்! நீர்மோர், சுண்டல், குடிநீர், அன்னதானம். அதில் முக்கால்வாசி போர்டு அக்கா போட்டது, அதே குண்டெழுத்து. வெறுங்காலோடு இத்தனை தூரம் நடந்து வருகிறவர்களுக்கு அந்த எழுத்தைப் பார்த்தால் ஒரே அர்த்தம்தான்: இங்கே ஏதோ தருகிறார்கள், வாங்க. அந்த வரிசையில் என் போர்டும் நிற்கிறது. முன்னால் நடக்கிறவர்களின் தலை கீழ்வரியை மறைத்துவிடுகிறது. தெரிவது ‘கிணறு’ என்ற ஒரு வார்த்தை. யாரோ புண்ணியவான் தண்ணீருக்குக் கிணற்றைத் திறந்துவிட்டிருக்கிறான் என்று நினைத்து வந்துவிட்டார்கள்.

“வராதீங்க! வராதீங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஓரத்தில் ஒரு பெரியவர் குந்தி உட்கார்ந்து, வாளி எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் சத்தத்தைக் கேட்டு எழுந்தார். கால் வைத்த கல் உருண்டது. இடுப்பளவுக்கு உள்ளே போய்விட்டார். ஒரு கை மோட்டார் குழாயைப் பிடித்துக்கொண்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என் மனைவிதான் முதலில் பாய்ந்து அவருடைய இன்னொரு கையைப் பிடித்தாள். நானும் பின்னாலேயே போய்ப் பிடித்தேன். இழுத்து மேலே போட்டோம். உருண்ட கல் கீழே தண்ணீரில் விழுந்த சத்தம் கொஞ்சம் பிந்திக் கேட்டது.

முழங்காலில் தோல் வழன்றிருந்தது, வேறு ஒன்றுமில்லை. பெரியவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். “தண்ணி வச்சிருக்கீங்கனு போர்டு பாத்து வந்துட்டேன் சாமி. தப்பா எடுத்துக்காதீங்க.” மனைவி கொண்டுவந்த செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அவர் பாட்டுக்கு மலையைப் பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலையில் போர்டைப் பிடுங்கி வண்டியில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். ஏழெட்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் போர்டை அக்கா காலடியில் போட்டேன். அதுவரை நீங்க, வாங்க என்று பேசிக்கொண்டிருந்தவன் அன்று பேசியது வேறு மாதிரி.

“உன் எழுத்து நேத்து ஒரு ஆளக் கொன்னிருக்கும், தெரியுமா? எல்லாத்துக்கும் இளிச்சிகினு நிக்கறதுக்கு இது காதுகுத்து பேனரா? உனக்கு இன்னா தெரியும்னு டிசைன் போட உக்காந்திருக்கே?”

நடந்ததை முழுதாகச் சொல்லித் தீர்த்தேன். அக்கா எழுந்து நின்றிருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அவருக்கு அடி ஜாஸ்தியா சார்?”

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் வந்து எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கிணற்றைக் காட்டச் சொன்னார். போர்டு இருந்த இடத்தைப் பார்த்தார். பாதையில் கொஞ்ச தூரம் போய், அங்கிருந்து நடந்து வந்து பார்த்தார். பிறகு கிணற்றுக்கு ஐந்தடி தள்ளி வந்து நின்றார்.

“சுவரு எப்ப சார் வுழுந்துது?”

“ஆச்சு, ஆறு வருஷம்.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிணற்றையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இங்க எந்த எழுத்து போட்டாலும் பத்தாது சார். சுவரு கட்டுங்க.”

“கட்டற வரைக்கும்? வேற கடையில செவப்பா ஒண்ணு போட்டு வைக்கட்டுமா?”

“போடுங்க சார். முள்ளும் வெட்டிப் போடுங்க. தண்ணி கேட்டுத்தானே வராங்க, ரோட்டோரமா ஒரு குழா வைங்க.”

சிவப்பு போர்டு வைத்தேன், முள் போட்டேன், ரோட்டோரம் பிளாஸ்டிக் டேங்க் வைத்துக் குழாயும் போட்டேன். சுவர் மட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கொத்தனார் கிடைக்கவில்லை, ஆபீசில் வேலை ஜாஸ்தி, கல் வரவில்லை. சொல்வதற்குக் காரணமா இல்லை? அடுத்த பௌர்ணமி அன்று மதியம் மூன்று மணிக்கு அக்கா வந்தார். கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முள்ளுக்கு முன்னால் நின்றார். யாராவது பாதையை விட்டு இறங்கினால் இரண்டு எட்டு முன்னால் போய், “இங்க இல்லீங்க, குழா அந்தாண்ட இருக்குது, வாங்க” என்று கூடவே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். இருட்டுகிற வரைக்கும் உட்காரவில்லை. மனைவி கொடுத்த காபியையும் நின்றுகொண்டே குடித்தார்.

அதற்கடுத்த பௌர்ணமிக்கும் வந்தார். சுவர் என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவிதான் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டாள். “அந்தப் பொண்ணு இன்னும் எத்தினி பௌர்ணமிக்கு நம்ம கெணத்துக்குக் காவல் நிக்கணும்?” மறுநாளே கொத்தனாரைத் தேடிப் போனேன். தேடினால் கிடைக்கிற ஆள்தான் அவர்.

மூன்றாவது பௌர்ணமிக்கு அக்கா வந்தபோது சுவர் நின்றிருந்தது. அவர் நெஞ்சுயரத்துக்குக் கருங்கல் சுவர், மேலே சிமென்ட் பூச்சு. நான் கொஞ்சம் பெருமையாகத்தான் காட்டினேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, உடம்பின் மொத்த பலத்தையும் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். நாலடி நகர்ந்து மறுபடி தள்ளினார். அப்படியே தள்ளித் தள்ளி ஒரு சுற்று வந்தார். அசையவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

“அந்த மனுசன் உள்ள போயிருந்தா, என் எழுத்த நம்பி வந்து போயிருப்பாரு சார்.”

மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷம் அந்தக் கிணற்றைத் திறந்து போட்டிருந்தவன் நான். சுவர் கட்டுகிற தொல்லைக்கு அஞ்சி, அந்த வேலையை ஒரு போர்டின் தலையில் கட்டப் பார்த்தவன் நான். அங்கே சுவர் இல்லை என்பதைக்கூட அவரிடம் சொல்லாமல் போர்டு கேட்டவனும் நான்தான். அவர் அழுதுகொண்டிருக்கும்போது இது எல்லாமே எனக்குத் தெரிந்திருந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

மறு வருஷம் கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்து அக்கா ஊரைவிட்டுப் போய்விட்டார். கடையில் போய்க் கேட்டபோதுதான் எனக்கே தெரியும். அன்று சுவரடியில் நான் அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்று. “சரி, விடுங்க அக்கா. நடந்தது நடந்துபோச்சு. நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கல” என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரொம்ப தேங்க்ஸ் சார்” என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.